பழைய நிக்கல் நாணயங்களில் காணும் இரட்டிப்பு: டையிலேயே பிறந்ததா, அடிக்கும்போது நேர்ந்ததா?

வில்லை (தொடக்கப் பதிவு):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஐந்து சென்ட் நிக்கல் நாணயங்களை ஓராண்டாக 10 மடங்கு லூப் என்னும் உருப்பெருக்கியின் கீழ் பார்த்துவருகிறேன். பல நூறு நாணயங்களைப் புரட்டிய பிறகு நான்கை மட்டும் தனியே எடுத்துவைத்திருக்கிறேன். நான்கிலும் ஏதோ ஒருவகை இரட்டிப்போ விடுபாடோ தெரிகிறது. ஆனால் அவை ஒன்றுபோல் இல்லை என்பதால் உங்கள் கருத்தை நாடுகிறேன்.

முதலாவது 1868ஆம் ஆண்டின், முகப்பில் கேடயம் கொண்ட ஷீல்ட் நிக்கல். பின்பக்கத்து எழுத்துகளைச் சுற்றிலும் மெல்லிய படிக்கட்டு போன்ற ஒரு விளிம்பு ஓடுகிறது. முகப்பில் ஆண்டின் கடைசி இலக்கமான எட்டின் அடியில் வளைந்த ஒரு சிறு கோடும் தெரிகிறது. இரண்டாவது 1939ஆம் ஆண்டின் ஜெஃபர்சன் நிக்கல். அதில் பின்பக்கத்துக் கட்டடத்தின் கீழே உள்ள ‘மான்டிசெல்லோ’ என்னும் பெயர் சற்றுத் தடித்திருப்பதாகத் தோன்றுகிறது. மூன்றாவதும் ஜெஃபர்சன் நிக்கலே, 1954ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்டது. அந்த நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எஸ்’ குறிக்குப் பக்கத்தில் இன்னோர் உருவம் இருப்பதைப் பார்த்து, டென்வரின் டி குறியின்மேல் எஸ் குத்தப்பட்ட அந்தப் பெயர்பெற்ற வகை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். நான்காவது 1937ஆம் ஆண்டின், பின்பக்கத்தில் காட்டெருமை கொண்ட டென்வர் பஃபலோ நிக்கல். விலங்கின் முன்கால் ஒன்று ஏறத்தாழ மறைந்திருக்கிறது.

இவற்றில் எவை உண்மையான டை வகைகள், அதாவது நாணயத்தை அடிக்கும் அச்சான டையிலேயே பிறந்தவை? எதைக் கண்டு அப்படித் தீர்மானிக்க வேண்டும்? விலை பற்றி நான் கேட்கவில்லை. இவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதே என் நோக்கம்.

பழஞ்செப்பு (மறுமொழி):

வில்லை அவர்களே, நல்ல கேள்வி. இரட்டிப்பைப் பார்க்கும் ஒவ்வொருவரும் முதலில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அளக்கிறோம். அளவால் எதுவும் தெளிவதில்லை. ‘நாணயத்தின் இந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் டைக்குள் சென்றது?’ என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். ஆகவே டை எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லிவிட்டு உங்கள் நாணயங்களுக்கு வருகிறேன்.

நாணயத்தில் இருப்பதைப் போலவே புடைப்பான உருவம் கொண்ட எஃகுப் பொறியை ஹப் என்கிறோம். அதை மென்மையான எஃகுத் துண்டில் அழுத்தினால், உருவம் குழிவாகவும் இடவலமாகத் திரும்பியும் பதிகிறது; அதுவே டை. பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாக இறங்காது, ஏனெனில் அழுத்தும்போதே எஃகு இறுகிவிடும். எனவே டையை உலையிலிட்டு மீண்டும் மென்மையாக்கி, ஹப்பை இரண்டாம் முறையோ அதற்கு மேலோ அழுத்துவார்கள். இரண்டாம் முறை ஹப் இம்மியளவு திரும்பியோ விலகியோ அமர்ந்தால், அந்த டையில் இரண்டு உருவங்கள் நிலையாகப் பதிந்துவிடும். அதன் பிறகு அந்த டை அடிக்கும் ஒவ்வொரு நாணயமும் அதே இரட்டிப்பைச் சுமந்துதான் வெளியே வரும். இதுதான் இரட்டிப்பு டை.

ஆனால் டையில் உள்ள எல்லாமே ஹப்பிலிருந்து வருவதில்லை. ஷீல்ட் நிக்கல்களில் ஆண்டு ஹப்பில் இல்லை. முடிந்த டையில் தனி உளியால் கையால் குத்தப்பட்டது. நாணயச்சாலைக் குறியும் அப்படித்தான். எல்லா டைகளும் பிலடெல்பியாவில் உருவாகி, டென்வருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போகும் டைகளில் டி அல்லது எஸ் என்னும் குறி அங்கேயே கையால் குத்தப்பட்டது. நிக்கல்களில் இந்தக் கைப்பழக்கம் 1989 வரை தொடர்ந்தது. 1990 முதல் குறி, ஹப்புகளை உருவாக்கும் முதன்மை டையிலேயே இடம்பெற்றது. பஃபலோ நிக்கலிலும் ஜெஃபர்சன் நிக்கலிலும் ஆண்டு ஹப்பின் பகுதி. குறி மட்டுமே பின்னர் வந்தது.

இதிலிருந்து ஓர் உறுதியான விதி கிடைக்கிறது. ஹப்பின் பிழை ஹப்பில் இருந்தவற்றை மட்டுமே இரட்டிக்க முடியும். பழைய ஜெஃபர்சன் நிக்கலில் எழுத்துகளும் குறியும் ஒரே திசையில் ஒரே அளவுக்கு நகர்ந்திருந்தால், அது ஹப்பின் பிழையாக இருக்க வழியே இல்லை; குறி குத்தப்பட்டபோது ஹப்பின் வேலை முடிந்துவிட்டது. வெவ்வேறு காலத்தில் டைக்குள் வந்த இரண்டும் சேர்ந்து நகர வேண்டுமானால், அந்த நகர்வு நாணயம் அடிக்கப்பட்ட நொடியில்தான் நடந்திருக்க வேண்டும்.

வில்லை அவர்கள் தம் 1954 நாணயத்தில் குறிக்குப் பக்கத்திலுள்ள எழுத்துகளையும் இப்போது பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

வில்லை:

பார்த்துவிட்டேன், ஐயா. ‘ஆஃப் அமெரிக்கா’ என்னும் எழுத்துகளின் இடப்பக்கத்திலும், எஸ் குறியின் இடப்பக்கத்திலும் ஒரே அகலத்தில் தட்டையான ஒரு மேடை தெரிகிறது. மேற்பரப்பு பளபளப்பாக இருக்கிறது. குறி மட்டும்தான் இரட்டித்திருக்கிறது என்று எண்ணி, சுற்றியுள்ளவற்றைப் பார்க்காமலே இருந்துவிட்டேன்.

ஒளிக்கோணம் (மறுமொழி):

அது இயந்திர இரட்டிப்பு, தம்பி. அடிக்கும் விசையின் இறுதியில் டை சற்றுத் தளர்ந்திருந்தால், நாணயத்திலிருந்து விலகும் வேளையில் அது துள்ளியோ வழுக்கியோ, அப்போதுதான் புடைத்தெழுந்த உலோகத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். நசுங்கிய ஓரம் தட்டையாகவும் தாழ்வாகவும் பளபளப்பாகவும் மேடை போல் நிற்கும். இங்கே கூடுதலாக எதுவும் சேர்வதில்லை. இருந்த எழுத்திலிருந்தே கொஞ்சம் கழிகிறது. அதனால் மேடையை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் எழுத்து வழக்கத்தைவிட மெலிந்திருக்கும். இரட்டிப்பு டையில் இது தலைகீழ்: இரண்டு உருவங்களும் உருண்டு, புடைத்து, சேர்ந்து நிற்பதால் எழுத்து தடித்துவிடும்.

என் அனுபவத்தில் புதியவர்களின் படங்களில் பெரும்பாலானவை இயந்திர இரட்டிப்பாகவே முடிகின்றன. அதில் வருந்த ஒன்றுமில்லை. இதைச் சரியாகக் கண்டறிவதே இந்தத் துறையின் முதல் படி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். கணினியில் பொருத்தும் சிறு நுண்ணோக்கிகளில் கண்ணாடி வில்லையைச் சுற்றி வளையமாக விளக்குகள் இருக்கும். எல்லாப் பக்கமிருந்தும் ஒளி விழுவதால் தட்டையான மேடையும் உருண்ட புடைப்பும் ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றும். ஒரே ஒரு விளக்கை ஒரு பக்கத்தில் தாழ்வாக வைத்து, நாணயத்தைக் கையில் மெல்லச் சுழற்றுங்கள். மேடை ஒரு கோணத்தில் கண்ணாடி போல் மின்னி, அடுத்த கோணத்தில் அணைந்துவிடும். உருண்ட புடைப்பிலோ ஒளி வளைவின்மீது நகர்ந்துகொண்டே போகும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்டவருக்குப் பிறகு மறக்காது.

பழஞ்செப்பு:

அம்மையாரின் விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். டியின்மேல் எஸ் குத்தப்பட்ட 1954 வகையில், எழுத்துகள் எல்லாம் இயல்பாக இருக்க, எஸ் குறியின் வளைவுகளுக்குள்ளும் ஓரத்திலும் மட்டும் டியின் எச்சம் புடைப்பாகத் தெரியும். அந்த எச்சம் எஸ் என்னும் வடிவத்தின் நிழலாக இருக்காது; வேறோர் எழுத்தின் துண்டாக இருக்கும். எஸ்ஸின் மேல் டி குத்தப்பட்ட 1949, 1955 வகைகளுக்கும் இதுவே அளவுகோல்.

இத்தகைய மேற்குறிகள் ஏன் வந்தன என்பதற்கும் காரணம் உண்டு. 1938இல் பஃபலோ வடிவம் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டில் சான் பிரான்சிஸ்கோவுக்கென எஸ் குத்தித் தயாரான பஃபலோ டைகள் அங்கே பயன்படவில்லை. அவற்றை வீணாக்காமல் எஸ்ஸின் மேல் டியைக் குத்தி டென்வருக்கு அனுப்பினார்கள். 1955இலும் நிலைமை ஏறத்தாழ இதுவே: அவ்வாண்டில் சான் பிரான்சிஸ்கோவில் நிக்கல் அடிக்கப்படவில்லை.

வில்லை:

மிக்க நன்றி. 1954ஐ வழக்கமான நாணயங்களோடு சேர்த்துவிட்டேன். 1939 நாணயத்தை ஒற்றை விளக்கில் மீண்டும் படமெடுத்து இணைத்துள்ளேன். ‘மான்டிசெல்லோ’ எழுத்துகளின் அடிமுனைகள் சிலவற்றில் சிறு பிளவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒளிக்கோணம்:

படத்தைப் பார்த்தேன். என் முதல் எண்ணம் இது டைத் தேய்மானம் என்பதே. நிக்கல் நாணயத்தின் கலவையில் நூற்றுக்கு 75 பங்கு செம்பு, 25 பங்கு நிக்கல். இந்தக் கலவை மிகக் கடினமானது. அதை அடிக்கும் டைகள் விரைவில் களைத்துவிடும். களைத்த டையில் எழுத்துகளின் ஓரம் கரைந்து அகன்று, மங்கலான நிழல் ஒன்று பரவும். சுற்றியுள்ள தளம் ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பாகும். விளிம்பை நோக்கி உலோகம் ஓடிய கோடுகளும் தெரியும். உங்கள் நாணயத்தின் தளத்தில் அந்தச் சொரசொரப்பு இருக்கிறது.

பழஞ்செப்பு:

இங்கே அம்மையாரோடு சற்று மாறுபடுகிறேன். தளம் களைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் களைத்த டை இரட்டிப்பு டையாகவும் இருக்கலாம், ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை. தேய்மானத்தின் நிழலுக்குத் திட்டமான ஓரம் இராது, எழுத்தின் இரு புறமும் பரவும், முனைகளைப் பிளக்காது. வில்லை அவர்களின் மூன்றாவது படத்தில் ‘என்’ எழுத்தின் இடக்கால் அடியிலும், இரண்டு ‘எல்’ எழுத்துகளின் அடியிலும் கூர்மையான வெட்டு தெரிகிறது. இரண்டு உருவங்கள் விலகி நிற்கும்போது முனைகளுக்கு இடையே எஞ்சும் சிறு பள்ளம் அது. தேய்மானம் பள்ளங்களை மழுக்குமே தவிர, புதிதாக வெட்டித் தருவதில்லை.

ஆயினும் இதை இரட்டை மான்டிசெல்லோ என்று பெயர்பெற்ற 1939 வகையென அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அந்த வகையில் ‘மான்டிசெல்லோ’வோடு ‘ஃபைவ் சென்ட்ஸ்’ எழுத்துகளும் வலுவாக இரட்டித்திருக்கும். லூப் இல்லாமலே கூடப் பிடிபடும். வில்லை அவர்களே, ‘ஃபைவ் சென்ட்ஸ்’ எப்படி இருக்கிறது?

வில்லை:

‘ஃபைவ் சென்ட்ஸ்’ எழுத்துகளில் பிளவு எதுவும் இல்லை. வெளிவட்டத்து எழுத்துகளும் இயல்பாகவே உள்ளன.

ஒளிக்கோணம்:

படத்தை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘எல்’ எழுத்துகளின் அடியிலுள்ள வெட்டுகள் உண்மையானவையே. பழஞ்செப்பு ஐயா சொல்வது சரி. தளத்தின் சொரசொரப்பைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிட்டேன். அந்தப் பெயர்பெற்ற டை இதுவல்ல என்பதும் தெளிவாகிறது. 1939இல் சிறிய அளவிலான இரட்டிப்பு டைகள் வேறும் உண்டு. அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அதே டையிலிருந்து வந்த இன்னொரு நாணயம் கிடைத்து, அதிலும் இதே எழுத்துகளின் இதே முனைகளில் இதே வெட்டுகள் தெரிந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை ஐயத்துக்குரியது என்று எழுதி உறையிலிட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1939 நிக்கலில் பின்பக்கத்துக் கட்டடத்தின் படிகள் இரண்டு விதமாக வரும்: 1938இன் ஹப்பில் அலையலையாகவும், 1940இன் ஹப்பில் நேர்கோடுகளாகவும். இரண்டும் 1939இல் புழங்கின. இது ஹப் வகை. ஒரு தனி டையின் அடையாளம் அல்ல. ஆனால் டையை ஒப்பிடும்போது முதலில் படிகளைப் பார்த்தால் பாதித் தேடல் குறைந்துவிடும்.

பழஞ்செப்பு:

இனி 1937-டி. இங்கே இரட்டிப்பு இல்லை. ஆனாலும் டையை வாசிக்கும் கலைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இடையே அடிக்க வேண்டிய உலோக வட்டு இல்லாமல் இரண்டு டைகளும் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் மற்றொன்றில் தடமாகப் பதியும். அந்தத் தடத்தை நீக்க டையின் பரப்பைத் தேய்ப்பார்கள். மிகுதியாகத் தேய்த்தால், டையில் ஆழம் குறைந்த குழிகள், அதாவது நாணயத்தில் புடைப்புக் குறைந்த பகுதிகள் முதலில் மறையும். மூன்று கால் நிக்கல் எனப்படும் பெயர்பெற்ற 1937-டி வகையில் முன்கால் அப்படித்தான் மறைந்தது. குளம்பு மட்டும் தரையில் நிற்கிறது.

புழக்கத்தில் தேய்ந்த நாணயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே உயர்ந்த பகுதிகள் முதலில் போகும். எனவே இடுப்பும் தோளும் வழுவழுப்பாகி, அதோடு காலும் மங்கியிருந்தால் அது தேய்ந்த சாதாரண நாணயம். விலங்கின் உடல் ஓரளவு நன்றாக இருந்து கால் மட்டும் இல்லையென்றால் மேலே ஆராயலாம். அப்போதும் கால் இல்லாமையை மட்டும் நம்பக் கூடாது. சாதாரண நாணயத்தில் காலைச் செதுக்கி எடுத்துவிட்டு விற்றவர்கள் உண்டு. உண்மையான டையில் அடித்த நாணயத்தின் வயிற்றுக்குக் கீழே, தரையை நோக்கிச் சிறு புடைப்புப் புள்ளிகள் வரிசையாக இறங்கும். பின்கால் அரித்தது போல் மெலிந்திருக்கும். காலைச் செதுக்குபவரால் உலோகத்தை எடுக்க முடியும். தளத்துக்கு மேலே புடைப்புப் புள்ளிகளை எழுப்ப முடியாது.

வில்லை:

புள்ளிகள் இல்லை, ஐயா. பின்கால் தடிமனாகவே உள்ளது. தோளும் தேய்ந்திருக்கிறது. முன்கால் இருந்த இடத்தைச் சாய்ந்த ஒளியில் பார்த்தால் காலின் வெளிக்கோடு மங்கலாகத் தெரிகிறது. ஆக, இது தேய்மானம்தான்.

ஒரு துணைக் கேள்வி. பஃபலோ நிக்கல்களில் 1916ஆம் ஆண்டின் இரட்டிப்பையும், ஏழின்மேல் எட்டு உள்ள 1918-டியையும் தனித்தனி வகைகளாகவே படித்திருக்கிறேன். இரண்டும் ஹப்பின் பிழை என்றால் அடிப்படையில் ஒன்றேதானா?

பழஞ்செப்பு:

ஒன்றேதான். இதைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1916இல் ஒரே ஆண்டின் ஹப் இரண்டாம் முறை விலகி அமர்ந்ததால் ஆண்டின் இலக்கங்கள் தெளிவாக இரண்டாகத் தெரிகின்றன. 1918-டியில் முதல் அழுத்தம் 1917 ஹப்பாலும், அடுத்தது 1918 ஹப்பாலும் நடந்தது. எட்டின் மேல்வளையத்தின் குறுக்கே ஏழின் தலைக்கோடு தெரிவது அதனால்தான். அந்த டைக்கு இன்னோர் அடையாளமும் உண்டு: முகப்பிலுள்ள பழங்குடித் தலையின் சடை முடிச்சுக்குச் சற்று மேலிருந்து தாடையை நோக்கி ஓடும் சிறு விரிசல் கோடு. ஏழின் கோடு தேய்ந்து மங்கிய நாணயங்களில் இந்த விரிசல் பெரிதும் உதவுகிறது. போர்க்கால வெள்ளிக் கலவையில் பிலடெல்பியாவில் வந்த 1943-பி நாணயத்தில் மூன்றின் கீழ் இரண்டு தெரியும் வகையும் இதே பிறப்புடையது.

ஆனால் இரண்டின்மேல் மூன்று உள்ள 1883 ஷீல்ட் நிக்கல் அப்படியல்ல. அங்கே 1882 என்று ஆண்டு குத்தப்பட்டிருந்த டையில் உளியால் 1883 மீண்டும் குத்தப்பட்டது. பட்டியல்களில் எல்லாம் ‘மேலாண்டு’ என்ற ஒரே பெயர்தான். ஆனால் ஒன்று ஹப்பின் பிழை, மற்றொன்று உளியின் வேலை. ஹப்பின் பிழையில் ஆண்டுக்கு வெளியே முகத்திலும் எழுத்திலும் கூட இரட்டிப்பைத் தேடலாம். உளியின் வேலையில் ஆண்டைத் தவிர வேறெங்கும் தேடிப் பயனில்லை.

இதே வெளிச்சத்தில் உங்கள் 1868ஐப் பாருங்கள். பின்பக்கத்து எழுத்துகளைச் சுற்றிய படிக்கட்டு விளிம்பு எழுத்தின் இரு புறமும் சமமாக ஓடுகிறதா, ஒரு புறம் மட்டுமா?

வில்லை:

இரு புறமும் ஓடுகிறது. ஏறத்தாழ எல்லா எழுத்துகளிலும் உள்ளது.

பழஞ்செப்பு:

அப்படியானால் அது லாங்கேக்கர் இரட்டிப்பு எனப்படுவது. ஷீல்ட் நிக்கலை வடிவமைத்த ஜேம்ஸ் லாங்கேக்கரின் பெயரால் வழங்குகிறது. எழுத்துளியின் முனைக்குப் பின்னே உள்ள சாய்ந்த தோள்பகுதியும் எஃகில் இறங்கிவிட்டால், எழுத்தைச் சுற்றி ஒரு படி பதியும் என்பதே வழக்கமான விளக்கம். இரண்டாம் அழுத்தம் எதுவும் இங்கே நடக்கவில்லை. எனவே இது இரட்டிப்பு டை அல்ல. அக்காலத்து நாணயங்களில் இது மிகப் பரவலாகக் காணப்படும்.

எட்டின் அடியிலுள்ள வளைந்த கோடு வேறு செய்தி. அது புடைப்பாகவும், எட்டின் கீழ்வளையத்துக்கு இணையாகவும் இருந்தால், ஆண்டு முதலில் தாழ்வாகக் குத்தப்பட்டுப் பின் சற்று உயர்த்தி மீண்டும் குத்தப்பட்டிருக்கிறது. ஷீல்ட் நிக்கல்களில் இது ஏராளம். உங்கள் நான்கில் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது இதுதான். பெயரில்லாத ஒரு தனி டையை முழுவதும் கண்டெடுத்து வரையறுக்கும் வாய்ப்பு இதில் இருக்கிறது. டையில் வேறு விரிசல்கள் உள்ளனவா என்று பாருங்கள். கடினக் கலவையால் ஷீல்ட் டைகள் சீக்கிரமே விரிசல் கண்டன. அந்த விரிசல்களே இன்று நமக்குக் கைரேகை.

வில்லை:

கோடு புடைப்பாகவே உள்ளது. விரிசலும் ஒன்று இருக்கிறது: கேடயத்தின் இடப்பக்க மேல்மூலையிலிருந்து தொடங்கி, இலைகளைக் கடந்து, விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. படத்தை இணைத்துள்ளேன்.

ஒளிக்கோணம்:

இந்தப் படத்தைக் கண்டதும் என் தட்டுகளைத் திறந்து 1868 நாணயங்கள் அனைத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் எட்டின் அடியில் அதே வளைவு, அதே இடைவெளி. கேடயத்தின் அதே மூலையிலிருந்து அதே விரிசல். ஆனால் என்னுடையதில் அது இலைகளைத் தாண்டி விளிம்பையே தொட்டுவிடுகிறது. கூடவே, வலப்பக்கத்து இலைகளின் நடுவே இரண்டாவது விரிசல் ஒன்றும் தொடங்கியிருக்கிறது. உங்களுடையதில் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே முகப்பு டையிலிருந்து வந்தவை. உங்களுடையது முன்னர் அடிக்கப்பட்டது, என்னுடையது டை மேலும் களைத்த பிறகு அடிக்கப்பட்டது. பின்பக்க டையும் ஒன்றுதானா என்று பார்க்க, விண்மீன்களையும் ஐந்து என்னும் இலக்கத்தையும் ஒற்றை விளக்கில், ஒரே கோணத்தில் எடுத்து அனுப்புங்கள். என்னுடையதையும் அதே அமைப்பில் எடுத்து இன்றிரவு இங்கே பதிகிறேன்.